வால்வு அம்ப்: ஓஃப் பண்ணின பிறகும் கரண்ட் நிக்கிற இடங்கள்

(கிட்டார் வால்வு அம்பைத் திறந்து திருத்திறதைப் பற்றித் திருகோணமலைப் பக்க ஆக்கள் பேசினது. முன்னால இருக்கிறது பேசிறவரின்ர ஊரும் வேலையும்.)

பாலையூற்று, சேர்விஸ்:
வால்வு மாத்திறது எண்டு சொல்லி ரெண்டு வேற வேலையை ஒண்டாக்கிறம். பின் பலகையைக் கழட்டி, பழசை இழுத்துப் புதுசைச் செருகிறதில உயர் வோல்டேஜ் கைக்கு எட்டாது. அங்க பயம் சூடும் உடைஞ்ச கண்ணாடியும்தான். பயஸ் (வால்வு சும்மா நிக்கேக்க இழுக்கிற கரண்டைக் கட்டுப்படுத்திற வோல்டேஜ்) பார்க்கச் சேசியை (உள்ளுக்கு இருக்கிற உலோகச் சட்டம்) வெளியில எடுத்தால்தான் விஷயம் மாறுது. ஈஎல்34 வால்வு நாலு போட்ட 100 வாட் அம்பில 450 வோல்ட் டிசி சாதாரணம். 50 மைக்ரோஃபரட் கபாசிட்டர் ஒண்டு அந்த வோல்டேஜில 5 ஜூல் பிடிச்சு வைக்கும். பிளக்கைக் கழட்டினால் அது எங்கயும் போகாது.

ஓஃப் பண்ணிற ஒழுங்கு முக்கியம். ஸ்டாண்ட்பை சுவிட்சை (வால்வைச் சூட்டில வைச்சு உயர் வோல்டேஜை மட்டும் வெட்டிறது) வாசிக்கிற நிலையிலேயே விட்டிட்டு மெயினை மட்டும் நிப்பாட்டுங்கோ. வால்வு ஆறுறதுக்குள்ள அதுகளே கபாசிட்டரைப் பெரும்பாலும் இறக்கிப்போடும். முதல்ல ஸ்டாண்ட்பை, பிறகு மெயின் எண்ட பழக்கம் கனபேருக்கு இருக்கு. பல மொடல்களில அப்பிடிச் செய்தால் முதல் கபாசிட்டர் லோட் இல்லாமல் தனிச்சு, சார்ஜோட நிக்கும். வால்வைக் கழட்டி வைச்சு ஓன் பண்ணின அம்ப் இன்னும் மோசம். இழுக்கிறதுக்கு ஒண்டும் இல்லாததால வோல்டேஜும் வழமையை விடக் கூட ஏறும், இறங்கவும் வழி இருக்காது.

ப்ளீடர் ரெசிஸ்டர் (கபாசிட்டரின்ர சார்ஜைத் தானாக இறக்கிறது) இருக்கிற அம்பும் உண்டு. 50 மைக்ரோஃபரட்டுக்கு 220 கிலோ ஓம் எண்டால் ஒரு நிமிஷத்தில இறங்கும். ஆனால் பழைய ரெசிஸ்டர் உள்ளுக்கு அறுந்துபோய்க் கிடக்கிறதை வெளியால பார்த்துச் சொல்ல ஏலாது. அதால கையால இறக்குங்கோ: 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர், ரெண்டு பக்கமும் இன்சுலேட் பண்ணின வயர், முனையில முதலைக் கிளிப். ஒரு கிளிப் முதல்ல சேசியில, மற்றது கபாசிட்டரின்ர பிளஸ்ஸில. அரைச் செக்கன் டைம் கொன்ஸ்டன்ட் (வோல்டேஜ் கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்காகக் குறையிற நேரம்), மூண்டு செக்கனில முடிஞ்சிடும். எண்டாலும் கிளிப்பை அப்பிடியே விட்டு வேலை செய்யுங்கோ, எடுத்தால் எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரில கொஞ்ச வோல்டேஜ் தானாகத் திரும்ப ஏறும். ஸ்க்ரூ ட்ரைவரால ஷோர்ட் பண்ணுறது வேண்டாம். பொறி பறந்து டெர்மினல் கருகும், கபாசிட்டருக்கும் அடி.

பிறகு மீற்றரில 1000 வோல்ட் டிசி ரேஞ்சில பார்க்கிறது. முதல்ல வோல்டேஜ் இருக்கெண்டு தெரிஞ்ச ஒரு இடத்தில மீற்றரைச் சோதிச்சு, கபாசிட்டரைப் பார்த்து, திரும்பவும் மீற்றரைச் சோதியுங்கோ. நியோன் ரெஸ்டரை நம்பவே கூடாது. பிளக் கழட்டின சேசிக்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை, அதால உள்ளுக்கு 450 வோல்ட் நிண்டாலும் லைட் பத்தாது.

உப்புவெளி, பேஸ்:
ட்ரிப் சுவிட்ச் இருந்தால் பயமில்லை எண்டுதானே எல்லாரும் சொல்லுறாங்கள்? கிண்ணியா நானா, நீங்க சொல்லுங்கோ.

கிண்ணியா, வயரிங்:
தம்பி, ட்ரிப் சுவிட்ச் பார்க்கிறது லைனால போற கரண்டும் நியூட்ரலால திரும்பிற கரண்டும் ஒண்டா எண்டுதான். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். அம்ப் சேசி லைவாகி ஏர்த்துக்குக் கரண்ட் போனால் அது காப்பாத்தும், சரி. ஆனால் உள்ளுக்கு இருக்கிற 450 வோல்ட், ட்ரான்ஸ்போமரின்ர மற்றப் பக்கம். அதில ஒரு கை, சேசியில ஒரு கை எண்டால் கரண்ட் நெஞ்சால போய் அதே ட்ரான்ஸ்போமருக்குத் திரும்பும். மெயின் பக்கத்தில வித்தியாசமே தெரியாது. ட்ரிப் சுவிட்ச் பேசாமல் நிக்கும்.

அதாலதான் ஒரு கை வேலை, மற்றது முதுகுக்குப் பின்னால. மோதிரம், சங்கிலி வேண்டாம். வீட்டுக்குள்ள செருப்புப் போடாத பழக்கத்தை அந்த நேரத்துக்கு விடுங்கோ, வெறும் காலோட சீமெந்துத் தரையில குந்தி இருந்து சேசி திறக்கிறது பிழை. இங்கத்தைய வெயிலில வேர்த்த கைக்கு எதிர்ப்பும் குறைவு. காலையில வெள்ளனச் செய்யுங்கோ, துண்டு ஒண்டு பக்கத்தில இருக்கட்டும். தனிய வேண்டாம். ஆருக்காவது பிடிச்சால் ஆளைத் தொடாமல் மெயினை நிப்பாட்டி, 1990 அம்புலன்சுக்கு அடிக்கோணும். கூட நிக்கிறவருக்கு மெயின் எங்க இருக்கெண்டு தெரிஞ்சிருக்கோணும்.

அடுத்தது கனடாவில இருந்து சொந்தக்காரர் கொண்டு வாற அம்புகள். அது 120 வோல்ட். கடையில வாங்கிற ஸ்டெப் டவுன் (230ஐ 120 ஆக்கிற பெட்டி) கனக்க ஓட்டோ ட்ரான்ஸ்போமர்தான், மெயினில இருந்து பிரிச்சு வைக்கிற ஐசொலேஷன் இல்லை. வெளிச் சொக்கெட்டுக்கு ஏர்த் வருதா எண்டு மீற்றரால பாருங்கோ. சொக்கெட்டில லைனும் நியூட்ரலும் மாறிக் கிடந்தால், 120 வோல்ட் எண்டு நினைக்கிற அந்த ரெண்டு வயரில ஒண்டு நிலத்துக்கு 230இலயே நிக்கும். 1960கள், 70கள் அம்ப் ரெண்டு பின்னோட வந்தால், லைனுக்கும் சேசிக்கும் நடுவில 0.047 மைக்ரோஃபரட் கபாசிட்டர் ஒண்டு இருக்கும். அது ஷோர்ட் ஆனால் கிட்டார் கம்பியே லைன். அதை வெட்டி எறிஞ்சு, மூண்டு கோர் கேபிள் போட்டு, பச்சை மஞ்சள் வயரைச் சேசியில தனி போல்ட்டில இறுக்குங்கோ. பியூஸ் லைன் பக்கத்தில வரோணும். சதுரப் பின் பிளக்கில 13 அம்பியர் பியூஸ் எதுக்கு? 3 போதும்.

கடற்கரையில ஜெனரேட்டரில மேடை போடேக்க, ஏர்த் கம்பி நட்டிருக்கா எண்டு கேளுங்கோ. கிட்டாரைப் பிடிச்சுக்கொண்டு மைக்கில வாய் வைக்கிறவருக்குத்தான் முதல்ல தெரியும்.

நிலாவெளி, சவுண்ட்:
இங்க வாற அம்புகளில அரைவாசிப் பிரச்சினை வால்வில்லை, உப்புக் காத்து. வால்வு சொக்கெட்டின்ர கிளிப்பில பச்சை பிடிச்சிருக்கும். 6எல்6, ஈஎல்34, 6வி6 மூண்டிலயும் 5ஆம் பின்னாலதான் கிரிட்டுக்கு (வால்வுக்குள்ள கரண்டை அடக்கிற கம்பி வலை) நெகடிவ் பயஸ் வருது. அந்தப் பின் சரியாகப் பிடிக்காட்டி பயஸ் இல்லை, பிளேட் (உயர் வோல்டேஜ் நிக்கிற தகடு) ரெண்டு நிமிஷத்துக்குள்ள செந்தணலாகும். புது வால்வு பழுது எண்டு திருப்பிக் குடுக்கிறதுக்கு முதல் சொக்கெட்டைப் பாருங்கோ. கொண்டாக்ட் கிளீனர் அடிச்சு வால்வை நாலஞ்சு தரம் ஏத்தி இறக்கி, தளர்ந்த கிளிப்பைப் பல் குத்திற கம்பியால நெருக்குங்கோ (கபாசிட்டர் இறக்கின பிறகு!).

ஈஎல்34இல 3ஆம் பின் பிளேட், பக்கத்து 2ஆம் பின் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கிற கம்பி). மாரி ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில இது ரெண்டுக்கும் நடுவில பொறி பாயும். சொக்கெட்டை வெளிச்சத்தில சரிச்சுப் பார்த்தால் முடி அளவு கறுப்புக் கோடு தெரியும். அது கரி, சுரண்டினாலும் துடைச்சாலும் திரும்பப் பாயும். சொக்கெட்டையே மாத்தி செராமிக் ஒண்டு போடுங்கோ.

வால்வின்ர உள் உச்சியில வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளுக்குக் காத்துப் பூந்திட்டுது, ஓன் பண்ண வேண்டாம்.

ஓர்ஸ்ஹில்:
பயஸ் கணக்கு நான் எழுதுறன். பிளேட் தாங்கிற உச்ச வாட்டில 70 வீதம், அதைப் பிளேட் வோல்டேஜால பிரியுங்கோ. 6எல்6ஜிசி 30 வாட், 420 வோல்ட்: 21 ஐ 420ஆல பிரிச்சால் 50 மில்லி அம்பியர். ஈஎல்34 25 வாட், 450 வோல்ட்: 39. இது உச்ச வரம்பு, அதுக்குக் கீழ நல்லாக் கேட்டால் கீழயே விடுங்கோ. பயஸ் தானாகச் சரியாகிற கதோட் பயஸ் அம்பில, வொக்ஸ் ஏசி30 மாதிரி, திருப்ப ஒண்டும் இல்லை. ஃபெண்டர் ஹொட் ரொட் டீலக்ஸ் அம்பில டெஸ்ட் பொயின்டில 60 மில்லிவோல்ட், ரெண்டு வால்வுக்கும் சேர்த்து.

மீற்றர் கிளிப்பை ஓஃபில மாட்டி, கையை எடுத்து, பிறகு ஓன் பண்ணுங்கோ. பயஸ் புரோப் (வால்வுக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில செருகி அளக்கிறது) வாங்கினால் சேசி திறக்கவே தேவையில்லாத அம்பும் இருக்கு, காசு வீண் இல்லை. 6வி6 இருக்கிற இடத்தில சத்தம் கூட வேணும் எண்டு ஈஎல்34 போடாதேங்கோ: ஹீட்டர் 0.45 அம்பியரில இருந்து 1.5க்குப் போகும், ட்ரான்ஸ்போமர் வேகும்.

திருத்தின பிறகு முதல் ஓன் சீரிஸ் பல்பில (மெயின் லைனில அம்போட தொடராகப் போட்ட பல்ப்). எல்ஈடி இல்லை, பழைய குண்டு பல்ப். ஈஎல்84 ரெண்டு போட்ட சின்ன அம்புக்கு 60 வாட். ஈஎல்34 நாலுக்கு ஹீட்டர் மட்டும் 38 வாட் கேக்கும், அதுக்கு 100 வேணும். பளிச்செண்டு பத்தி மங்கினால் சரி. மங்காட்டி உள்ளுக்கு ஷோர்ட். ஸ்பீக்கர் கேபிள் செருகியிருக்கோணும், லோட் இல்லாமல் வாசிச்சால் அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்குள்ள பொறி பாயும்.

உப்புவெளி, பேஸ்:
பழைய 6எல்6 ஒண்டின்ர நடுக் கட்டை (வால்வு சரியான பக்கம் ஏற வழி காட்டிறது) உடைஞ்சு போச்சு. போடலாமா?

பாலையூற்று, சேர்விஸ்:
வேண்டாம். பின் எல்லாம் ஒரே அளவு, கட்டை இல்லாட்டி எப்பிடியும் ஏறும். ஒரு பின் தள்ளி ஏறினால் பிளேட் வோல்டேஜ் ஹீட்டர் பின்னில வந்து நிக்கும். ரெண்டு வால்வையும் மாட்ச்ட் பெயராக (ஒரே அளவு கரண்ட் இழுக்கிற சோடியாக) மாத்துங்கோ. இழுக்கேக்க அடிக்கட்டையில பிடியுங்கோ, கண்ணாடியில இல்லை. இருபது நிமிஷமாவது ஆற விட்ட பிறகு.