வொர்க்கிங் டிஸ்டன்ஸ்: ‘பணித் தொலைவு’ வேண்டாம், ‘முன்னிடைவெளி’ ஆகட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சி போன்ற சிறு பொருள்களை மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் பற்றிய தமிழ்க் கலைச்சொற்களில், மினிமம் ஃபோகஸ் டிஸ்டன்ஸ் (கேமராவால் தெளிவாகக் குவிக்க முடிகிற மிகக் குறைந்த தொலைவு) என்பதற்குக் ‘குறைந்தபட்சக் குவியத் தொலைவு’ என்றும், வொர்க்கிங் டிஸ்டன்ஸ் (லென்ஸின் முன்விளிம்புக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள வெளி) என்பதற்குப் ‘பணித் தொலைவு’ என்றும் இங்கே முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

முதற்சொல்லின் சிக்கல் பெரிது. குவியத் தொலைவு என்பது ஃபோகல் லெங்க்த்துக்குப் பள்ளிப் பாடநூல்களிலேயே நிலைபெற்றுவிட்ட சொல். எனவே, ஃபோகல் லெங்க்த் 24 மி.மீ. முதல் 70 மி.மீ. வரை மாறக்கூடிய ஜூம் லென்ஸின் குறைந்தபட்சக் குவியத் தொலைவு எது என்று கேட்டால் 24 மி.மீ. என்றே மாணவர் விடை சொல்வார். அந்தச் சொல்லின்படி அது சரியான விடையும்கூட. குவியத்தை விடுத்து, குவிக்கும் செயலைச் சுட்டும் வகையில் ‘அண்மைக் குவிப்புத் தொலைவு’ என்றால் இந்தக் குழப்பம் எழாது.

இந்தத் தொலைவு லென்ஸின் முனையிலிருந்து அளக்கப்படுவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் உணரித் தளத்திலிருந்து (படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரிலிருந்து) பொருள்வரை அளக்கப்படுகிறது. கேனன் இஎஃப் 100 மி.மீ. எஃப்/2.8 எல் மேக்ரோவுக்கு அது 300 மி.மீ. அதில் உணரியிலிருந்து லென்ஸ் பொருந்தும் வளையம்வரை 44 மி.மீ., லென்ஸின் நீளம் 123 மி.மீ.; இவை போக, பூச்சிக்கும் லென்ஸின் விளிம்புக்கும் நடுவே எஞ்சுவது 133 மி.மீ. மட்டுமே. பூச்சி பறந்துவிடுமா, ஒளி உள்ளே நுழையுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த எஞ்சிய வெளிதான். கேனனின் இஎஃப்-எஸ் 35 மி.மீ. மேக்ரோவில் இது 30 மி.மீ. ஆகக் குறுகி, லென்ஸின் நிழலே பொருளை மறைத்துவிடக்கூடும் என்பதால், முன்விளிம்பிலேயே விளக்கைப் பொருத்தியிருக்கிறார்கள்.

அந்த வெளிக்குப் ‘பணித் தொலைவு’ பொருந்தாது. பணி என்றதும் தமிழில் அலுவலகமும் ஊதியமும் நினைவுக்கு வருகின்றன; வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் தூரம் என்றுகூட அதைப் படிக்கலாம். மேலும், இங்கே நாம் பேசுவது தொலைவைவிட, இரண்டு பொருள்களுக்கு நடுவே எஞ்சும் இடத்தைப் பற்றி. ஆகவே ‘முன்னிடைவெளி’ என்பதை முன்மொழிகிறேன். நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸுக்கும் (ஆப்ஜெக்டிவ்) அது மாறாமல் பொருந்தும். அங்கே லென்ஸ் கீழ்நோக்கி இருந்தாலும், பொருளை நோக்கிய பக்கமே அதன் முன்பக்கம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “கேனன் எம்பி-இ 65 மி.மீ. லென்ஸில் உருப்பெருக்கம் 1 மடங்கிலிருந்து 5 மடங்காக உயரும்போது, முன்னிடைவெளி 101 மி.மீ.இலிருந்து 41 மி.மீ. ஆகக் குறைகிறது.” எனக்கு இது தடங்கலின்றி வாசிக்க வருகிறது.

வரையறையில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பக்கவாட்டு ஒளியைத் தடுக்க லென்ஸின் முன்னால் ஒளிமறைப்புக் கவிகையை (லென்ஸ் ஹுட்) மாட்டினால் இடைவெளி மேலும் குறையும். கழற்றக்கூடிய உறுப்பு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல், லென்ஸின் முன்விளிம்பிலிருந்தே அளக்கலாம். சேர்த்து அளப்பவர்கள் ‘கவிகையுடன்’ என்று குறிப்பிட்டு எழுதட்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.