பட்டுப்புடவை டிரை வாஷுக்குப் போனால் என்ன நடக்கிறது? தொழிலில் இருப்பவர்கள் பார்த்தது

டிரை கிளீனிங் கடை நடத்துபவர்

டிரை வாஷ் என்றால் துணி நனையவே நனையாது என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் புடவையைத் தருகிறார்கள். சொட்டச் சொட்ட நனைகிறது, தண்ணீருக்குப் பதில் சால்வென்டில், அதாவது பிசுக்கைக் கரைக்கும் திரவத்தில். பெரிய மெஷின்களில் பெர்க், அதாவது பெர்குளோரோஎத்திலீன். சின்னக் கடைகளில் பெரும்பாலும் எம்.டி.ஓ. என்ற மினரல் டர்பன்டைன். இரண்டும் எண்ணெய், நெய், மெழுகு, லிப்ஸ்டிக்கின் பிசுக்கை எடுக்கும். பாயசம், இளநீர், வியர்வை, உப்பு எதையும் தனியாக எடுக்காது.

கல்யாணப் புடவைகளில் அதிகம் பார்ப்பது இந்த வகைக் கறைதான். குளிர்பானம் சிந்தி, காய்ந்து, கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். சொல்லாமல் தந்துவிடுவார்கள். மெஷினின் சூட்டிலும் இஸ்திரியிலும் அந்தச் சர்க்கரை பழுப்பாகி மேலே வந்து நிற்கும். கடைக்காரன் கறை ஆக்கிவிட்டான் என்று சண்டை. எங்கே, எப்போது, என்ன சிந்தியது என்ற மூன்றையும் சீட்டில் எழுதவைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

பெர்க் மெஷினில் ஒரே டிரம்மில் அலசல், பிழிதல், சுமார் 60 டிகிரி சூட்டுக் காற்றில் உலர்த்தல் மூன்றும் நடக்கும். அழுக்கான சால்வென்டைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுப்பார்கள்; பெர்க்கின் கொதிநிலை 121 டிகிரி. செலவு மிச்சம் என்று வடிப்பதைத் தள்ளிப்போட்டால், முந்தின லோடின் அழுக்கு அடுத்த துணியில் படியும். வெள்ளை வேட்டி சாம்பல் பூத்து வந்தால் காரணம் இதுதான். துணியில் சீமெண்ணெய் வாடை அடித்தால் எம்.டி.ஓ. சரியாகக் காயவில்லை. திருப்பிக் கொடுத்து மறுபடி காயவைக்கச் சொல்லுங்கள். சென்ட் அடித்து மறைக்க வேண்டாம். சென்டில் இருக்கும் ஆல்கஹால் பட்டின் சாயத்தையும் இழுத்துவிடும்.

ஸ்பாட்டிங் மேசையில் வேலை பார்ப்பவர்

மெஷினைவிட, கறையைக் கையால் எடுக்கும் இந்த மேசையில்தான் வேலை அதிகம். முந்தானையில் குழம்பு சிந்திய புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணெய், மஞ்சள், புளி எல்லாம் கலந்திருக்கும். எண்ணெய் மேலே பூசியிருக்கும்போது தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் முதலில் ஸ்பாட்டர் என்ற, சால்வென்ட் கலந்த கறை மருந்தை வைத்துப் பிசுக்கை எடுக்க வேண்டும், பிறகுதான் தண்ணீரில் போகும் கறைக்கான வேலை. ஓரத்தில், ஃபால்ஸ் மறைக்கும் இடத்தில், ஒரு சொட்டு விட்டு வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கறையில் கை வைப்பது. அடியில் வெள்ளைப் பருத்தித் துணி, மேலே பிரஷின் முகம் தட்டையாகப் படும்படி தட்ட வேண்டும். தேய்க்கவே கூடாது. ஈரப் பட்டைத் தேய்த்தால் இழை பிய்ந்து அந்த இடம் வெளுத்த மாதிரித் தெரியும். அது கறை இல்லை என்பதால் எந்த மருந்துக்கும் போகாது. வீட்டிலிருந்து கெட்டு வருகிற புடவைகளில் இந்த வெளுப்புதான் அதிகம்.

மஞ்சள் கறைக்குச் சோப்பு போட்டால் சிவக்கும், சோப்பின் காரத்தன்மை பட்டதால். பயந்து இன்னும் சோப்பு போடாதீர்கள். நீர்த்த வினிகர் ஒற்றினால் மறுபடி மஞ்சளாகும், அதன் பிறகு எடுக்கலாம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். குளோரின் பிளீச்சைப் பட்டு, கம்பளி பக்கமே கொண்டுபோகாதீர்கள். இழையே கரைந்து ஓட்டையாகிவிடும்.

ஆரி வேலை, பிளவுஸ் தையல்

ஒட்டின கல், சீக்வின் உள்ள பிளவுஸைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். பெர்க்கில் சில பசைகள் இளகும், பாலிஸ்டைரீன் பொத்தான்கள் உருகியே போகும். லேபிளில் வட்டத்துக்குள் P இருந்தால் பெர்க் தாங்கும். F என்றால் பெட்ரோலிய வகை சால்வென்ட் மட்டும். வட்டத்தின் மேல் பெருக்கல் குறி என்றால் டிரை வாஷே கூடாது. நம் ஊர் பிளவுஸில் லேபிள் எங்கே இருக்கிறது என்பது வேறு கதை. ஆகவே வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

பட்டு ஜவுளிக்கடை

ஒரு தடவை கட்டியதுமே டிரை வாஷ் தேவையில்லை. நிழலில் காற்றாட ஒரு மணி நேரம் தொங்கவிட்டு மடித்தால் போதும். ஆனால் அக்குளில் வியர்வையும் டியோடரன்டும் படிந்த பிளவுஸை அப்படியே பீரோவில் வைக்காதீர்கள். உப்பு பட்டை அரித்து, அடுத்த தடவை போடும்போது அங்கேதான் கிழியும்.

கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவரை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளே ஈரமும் சால்வென்ட் வாடையும் அடைபட்டுக்கொள்ளும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடிப்பு விழும் இடத்தில் ஜரிகை அறாது. ஜரிகையில் வெள்ளி இருந்தால் கந்தகம் பட்டுக் கறுக்கும். ரப்பர் பேண்ட், கம்பளி இரண்டையும் ஒட்ட வைக்காதீர்கள். அந்துருண்டை நேராகத் துணியில் படவே கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாகப் போடுங்கள்.

இஸ்திரி பின்பக்கமாக, மேலே மெல்லிய துணி போட்டு. ஜரிகைக்கு நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள், சொட்டுத் தடம் நிற்கும்.

கடை நடத்துபவர்

ஃபால்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பருத்தி ஃபால்ஸைத் தைக்கும் முன் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஸ்டீம் பட்டதும் ஃபால்ஸ் மட்டும் சுருங்கி, புடவையின் கீழ்க்கரை நெளிந்துவிடும். அதற்கு ஃபால்ஸைப் பிரித்துத் திரும்பத் தைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.