டிரான்சம்: ‘அமரச்சுவர்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில் இஞ்சின் மாட்டப்படும் தட்டையான பகுதிக்கு (ஆங்கிலத்தில் டிரான்சம்) நம் கலைச்சொல் உரையாடலில் இதுவரை ‘குறுக்குப்பலகை’, ‘பின்பலகை’, ‘அமரப்பலகை’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மலேசியாவின் நிபோங் திபாலில் கிரியான் ஆற்றை ஒட்டிய பட்டறைகளில் வேலை பழகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். ஆகவே உளியைக் கையில் பிடித்திருப்பவர் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதை ஐயமின்றிச் சொல்லும் சொல் எது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

‘குறுக்குப்பலகை’யை ஏற்க முடியவில்லை. படகின் நடுவில் உட்காரும் பலகையும் குறுக்குப்பலகைதான். அறை பிரிக்கும் தடுப்பையும் அப்படியே சொல்லிவிடுவார்கள். ‘பின்பலகை’ பொருளைக் காட்டினாலும், கலைச்சொல்லாக நிலைக்கும் உறுதி அதற்கு இல்லை. ‘அமரப்பலகை’யின் முற்பகுதி மிகப் பொருத்தமானது: படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் தமிழ்நாட்டுக் கடலோரத்தார் வழங்கிவரும்போது, நாம் புதிதாக ஒன்றைத் தேடி அலையத் தேவையில்லை.

எனக்குத் தடையாக இருப்பது ‘பலகை’ என்ற பிற்பகுதி. இந்த உறுப்பு ஒரே பலகை அன்று. வெளியே ஒரு கண்ணாடியிழை உறை, உள்ளே ஒரு கண்ணாடியிழை உறை, இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை (பிளைவுட்). மூன்றும் பிசினால் ஒன்றாகப் பிணைந்திருப்பதால்தான் 40 குதிரைத்திறன் இஞ்சினின் எழுபது கிலோ அளவிலான எடையையும், அது முடுக்கும்போது மேல் ஆணிகளைப் பின்னோக்கி இழுத்துக் கீழ்ப்பகுதியை முன்னோக்கித் தள்ளும் விசையையும் அது தாங்குகிறது. பழுதுபார்க்கும்போது மாற்றப்படுவது நடுவிலுள்ள மரம் மட்டுமே. முழு உறுப்பையும் பலகை என்றழைத்துவிட்டு, ‘பலகையை வெட்டி எடுக்கவும்’ என்று கையேட்டில் எழுதினால், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை வெளியுறையையும் சேர்த்து அறுத்துவிடக்கூடும். மேலும், மரமே இல்லாமல், வார்த்து இறுகவைக்கும் கலவையை நடுவில் ஊற்றிச் செய்யும் முறையும் இன்று புழக்கத்தில் இருக்கிறது; அதைப் பலகை என்பது பிழையாகும்.

ஆகவே முழு உறுப்பையும் ‘அமரச்சுவர்’ என்று அழைக்கலாம் என்று முன்மொழிகிறேன். சுவர் என்றால் நிமிர்ந்து நிற்பது, பாரம் தாங்குவது, அகமும் புறமும் உடையது. எதனால் கட்டப்பட்டது என்பதை அச்சொல் கட்டாயப்படுத்துவதில்லை. அதன் இரு கண்ணாடியிழைப் பக்கங்களும் முறையே புறவுறை, அகவுறை. நடுவில் இருப்பது மரமானால் உட்பலகை, வேறு எதுவானாலும் உள்ளீடு. உள்ளீடு கணினித் துறையில் வேறு பொருளில் வழங்குகிறதே என்று சிலர் தயங்கலாம். ‘உள்ளீடற்ற’ என்று நாம் இன்றும் எழுதும்போது அதன் பழைய பொருள்தான் பேசுகிறது. நடுமரத்துக்கு முன்வைக்கப்பட்ட ‘கருப்பலகை’ என்ற பரிந்துரையைக் கைவிடலாம், ஏனெனில் வாய்விட்டுச் சொன்னால் அது பள்ளிக்கூடத்துக் கரும்பலகையாகவே காதில் விழுகிறது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, மரம் கெடுவதைக் குறிக்கும் சொல். ‘உளுத்தல்’ என்று எழுதியவர்களுக்கு என் மறுப்பைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். உளுத்தல் என்றதும் புழுவும் வண்டும் மரத்தைத் துளைத்து மாவாக்குவதே நினைவுக்கு வருகிறது. அப்படி நினைத்தவர் பூச்சிமருந்தைத் தேடிப் போவார். அமரச்சுவரில் நடப்பது அதுவன்று. ஆணித்துளை, நீர் வடியும் அடைப்புத்துளை, சரியாக மூடப்படாத மேல்விளிம்பு ஆகியவற்றின் வழியே நீர் இறங்கி, வெளியேற வழியின்றி இரு உறைகளுக்கு நடுவில் தங்கிவிட, ஈரமும் காற்றும் வெப்பமும் ஒருசேரக் கிடைத்த இடத்தில் பூஞ்சை மரத்தைத் தின்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. உப்புநீரைக் காட்டிலும் மழைநீரே இதற்குத் துணைபோகிறது என்பதால், மூடாமல் கரையேற்றி வைத்த படகு நம் ஊர் மழையில் விரைவாகக் கெடுகிறது.

அகவுறையை அறுத்துத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உளி வைத்ததும் மரம் ஊறிய புண்ணாக்கைப் போல உதிர்ந்து விழும். விரலால் கிள்ளி எடுக்கலாம், புளித்த வாடை முகத்தில் அடிக்கும், ஆணித்துளையின் ஓரத்திலிருந்து பழுப்பு நீர் சொட்டும். அதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் ‘உளுத்துப் போச்சு’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘இத்துப் போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த வாய்மொழியை அப்படியே ஏற்று, ‘இற்றுப்போதல்’, ‘இற்ற மரம்’ என்று எழுத்தில் வழங்குவோம். மரம் கெடாமலேயே உறை மட்டும் பிரிந்து நிற்பது வேறு பழுது. அதற்கு ‘உறைப் பிரிவு’ போதும். இரண்டையும் வேறுபடுத்தியே ஆக வேண்டும். சுத்தியலின் கைப்பிடியால் தட்டும்போது இரண்டிடத்திலும் மந்தமான ஓசைதான் எழும். சிறு துளையிட்டு வரும் மரச்சீவல் உலர்ந்து வெளிறியிருக்கிறதா, கறுத்து ஈரமாயிருக்கிறதா என்று பார்த்த பிறகே எது என்று உறுதியாகும்.

இச்சொற்கள் வேலைக்குதவுமா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பகுதியை இங்கே தருகிறேன் (அதில் வரும் எப்பாக்சி, இரு கூறுகளைக் கலந்து இறுகவைக்கும் பிசின்).

‘இஞ்சினை இறக்கியபின், விளிம்பில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் விட்டு அகவுறையை அறுத்தெடுக்கவும். இற்ற மரம் முழுவதையும் உளியால் நீக்கி, புறவுறையின் உட்பக்கத்தை நன்கு உலரவிட்டுச் சொரசொரப்பாகத் தேய்க்கவும். 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைகள் இரண்டை எப்பாக்சியால் ஒட்டி உட்பலகையை உருவாக்கவும். பதிப்பதற்கு முன் அதன் விளிம்புகளுக்கு எப்பாக்சி ஊட்டவும். உட்பலகையைப் புறவுறையோடு கெட்டிப்படுத்திய எப்பாக்சியால் பதித்து, இடுக்கிகளால் இறுக்கவும். ஆணித்துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடவும்.’

கடைசி வரியில் சொன்ன துளைவேலையைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் உண்டு. நீர் மரத்தைத் தொடாமல் காப்பது அந்த எப்பாக்சி வளையமே என்பதைக் கையேட்டில் அழுத்தி எழுதியிருக்கிறேன். இன்னொன்று: இறுகிய பாலியெஸ்டர் (கண்ணாடியிழைப் படகுகளில் பெரும்பாலும் பயன்படும் பிசின்) மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும், இறுகிய எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது, ஆகவே ‘பிசின்’ என்று பொதுவாக எழுதிவிடாமல் இரு பெயர்களையும் ஒலிபெயர்த்தே வைத்திருக்கிறேன். ‘கடல்தர ஒட்டுப்பலகை’ என்ற தொடரையும் தவிர்த்திருக்கிறேன். அத்தரம் முதன்மையாக நீரில் விடாத பசைக்கும் இடைவெளியற்ற அடுக்குகளுக்குமே உறுதியளிக்கிறது, மரம் இற்றுப்போகாது என்பதற்கன்று. பெயரை நம்பி விளிம்பைப் பூசாமல் விடுவது எளிது.

உட்பலகை படகின் பக்கச்சுவரைச் சந்திக்கும் மூலையில், கண்ணாடியிழைத் துணி மடிந்து உடையாதிருக்க, கெட்டியான எப்பாக்சியை வளைவாக இழைத்துவிடுகிறோம். இதற்கு ‘மூலைப்பூச்சு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், ஆனால் அதிலுள்ள வளைவை அச்சொல் காட்டவில்லை. தச்சுவேலையோ கொத்துவேலையோ அறிந்தவர்கள் தங்கள் தொழிலில் வழங்கும் சொல் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.