சோடா உடைச்சுக் குடுக்காத வீடுகள் – அனுபவப் பகிர்வு

புகையிலைத்தோட்டம்:

1986 சித்திரைக் கடைசியிலை ரெலோ எண்ட மற்ற இயக்கத்துப் பெடியளைப் புலிகள் தேடித் தேடிச் சுட்ட கிழமை, யாழ்ப்பாணத்துச் சந்திகளிலை சனம் சுட்டவைக்குச் சோடா உடைச்சுக் குடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். பொய்யில்லை, குடுத்தவைதான். ஆனா ஒளிச்சு வச்சுச் சாப்பாடு குடுத்த வீடுகளும் இருந்தது. அந்த வீடுகளின்ர கதையை ஒருத்தரும் எழுதினதாத் தெரியேல்லை. அதுதான் தொடங்கிறன், உங்களுக்குத் தெரிஞ்சதையும் எழுதுங்கோ.

முதலே ஒரு வேண்டுகோள். வெளியிலை தெரிஞ்ச ஆக்களின்ர பேரைத் தவிர ஆற்றை பேரும் வேண்டாம். சொந்த வீட்டிலை நடந்ததெண்டால் எந்த இயக்கம் எண்டும் எழுதாதேங்கோ. அந்தச் சனத்தின்ர பிள்ளையள் இண்டைக்கும் அதே ஒழுங்கையிலை இருக்கினம், தேடி வந்தவையின்ர பிள்ளையளும் அங்கைதான்.

எங்கட வளவு வலிகாமம் வடக்கு, செம்மண் பக்கம். அதே வருஷம், எனக்குப் பதினொரு வயசு. ஒருநாள் விடியப்புறம் மாட்டுக்கு வைக்கல் போடப் போன அம்மம்மா கொட்டிலுக்கை ஒரு பெடியன் குந்தியிருக்கிறதைக் கண்டவ. வேலிப் பொட்டுக்குள்ளாலை வந்திருக்கிறான். காலிலை செருப்பில்லை, சாரம் கம்பியிலை கிழிஞ்சு தொங்குது. அம்மம்மா அவனிட்டை ஒண்டுதான் கேட்டவ: "எப்ப மோனை சாப்பிட்டனி?"

புகையிலைக்குப் புகை போடுற குடிலுக்குப் பக்கத்து அறையிலை, பாடம் வச்ச (பதப்படுத்தின) புகையிலை அடுக்கிக் கிடந்தது. அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலை ஒராள் குந்தியிருக்கலாம். புகையிலைக் காரம் பழகினவைக்குத் தெரியும், அதுக்கை அரை மணித்தியாலம் இருந்தாலே தலை சுத்திச் சத்தி வரும். அவன் 3 நாள் இருந்தவன். சத்தி எடுக்கிற சத்தம் வெளியிலை கேக்கக் கூடாது எண்டு அம்மம்மா என்னை உரலடியிலை விட்டு, "இடி பிள்ளை" எண்டவ. உரலுக்குள்ளை ஒண்டுமில்லை. வெறும் உரலை இடிச்சு இடிச்சு உள்ளங்கை கொப்பளிச்சுப் போச்சு.

ரெண்டாம் நாள் பின்னேரம் நாலு பேர் சைக்கிளிலை வந்தவை. அதிலை ஒருத்தன் எங்கட பள்ளிக்கூடத்திலை மேல் வகுப்பு.

"ஆச்சி, ஆரும் இந்தப் பக்கம் வந்தவையோ?"

"இப்ப நீங்கள் வந்திருக்கிறியள்."

"குடிலைப் பாக்கலாமோ?"

"பாருங்கோ. பாடம் கலைஞ்சால் ஆர் காசு தாறது?"

படலையடியிலை நிண்டு யோசிச்சவங்கள். பிறகு அந்த மேல் வகுப்புப் பெடியன் தண்ணி கேட்டான். எங்கட பக்கம் தண்ணி கேட்டு வந்தால் செம்பிலை வாத்துக் கையிலை குடுக்கிறதுதான் வழக்கம். (சாதி பாத்துச் சிரட்டையிலை வாத்த வீடுகளும் இருந்தது. எங்கட வீடும் அதிலை ஒண்டு. மறைக்க வரேல்லை.) அம்மம்மா இருந்த இடத்தாலை எழும்பேல்லை. "கிணத்தடியிலை வாளி கிடக்கு" எண்டவ. அவன்ர முகம் கறுத்துப் போச்சு. தண்ணி குடிக்காமலே போனவங்கள்.

மூண்டாம் நாள் விடிய அப்புவின்ர வேட்டியைக் கட்டி, தலையிலை துண்டு, கடகத்திலை கத்தரிக்காய், சந்தைக்குப் போறமாதிரி அவனை அனுப்பினவ. கரை சேர்ந்தானோ தெரியாது. எங்கட அம்மா ஒரு மாசம் அம்மம்மாவோடை கதைக்கேல்லை. பெட்டைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை உப்பிடிச் செய்யலாமோ எண்ட கோவம். அம்மாவின்ர பக்கமும் நியாயம் இருக்கெண்டு இப்ப எனக்கும் பிள்ளையள் வந்த பிறகுதான் விளங்குது.


வாவிக்கரை:

உரல் எண்டு வாசிச்சதும் எழுதாம இருக்க ஏலாமப் போச்சு அக்கா. எங்கட பக்கம் உலக்கைட கதை இருக்கு.

அதே 1986 இல, மட்டக்களப்பில ரெலோப் பொடியனுகள விடமாட்டம் எண்டு அன்னையர் முன்னணிப் பொம்புளைகள் உலக்கையத் தூக்கிட்டு ரோட்டில இறங்கினவங்க. எங்கட பெரியம்மாவும் போனவ. அவட உலக்கை பூண் போட்டது, ஒரு கையால தூக்கேலாது. அதத் தூக்கிட்டு வெயிலுக்குள்ள அவ்வளவு தூரம் நடந்தயா எண்டு கேட்டா, "ராவைக்கு நெல்லுக் குத்தத்தானே வேணும், வீட்ட வச்சிட்டுப் போனா ஆரும் எடுத்திருவாங்க" எண்டு சொல்லுவா. பகிடியா உண்மையா எண்டு இண்டைவரைக்கும் தெரியாது.

ரெண்டு வருசத்தால, 1988 மார்ச் 19 இல மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில பூபதி அம்மா உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினா. ஏப்ரல் 19 இல செத்துட்டா. இந்தியப் படையும் புலிகளும் சண்டைய நிப்பாட்டிப் பேசணும் எண்டுதான் கேட்டவ. அவட படத்துக்கு இண்டைக்கும் மாலை போடுறாங்க, போடத்தான் வேணும். ஆனா அவ இருந்த அதே அன்னையர் முன்னணி உலக்கை தூக்கினத ஒரு மேடையில ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல.

மறுகா 2004. இயக்கம் ரெண்டா உடைஞ்சு சித்திரையில வெருகலில சண்டை நடந்த நேரம், பிடிச்சிட்டுப் போன புள்ளயள் கனபேர் வீட்ட வந்துட்டாங்க. பெரியம்மாட பேத்தியும் வந்தா. 15 வயசு, தலைமயிர் கட்டையா வெட்டியிருந்திச்சு. வந்த நாள்ல இருந்து தாயிட முந்தானைய விடல்ல. ரெண்டு மாசத்தால திரும்பக் கேட்டு வந்தாங்க. பெரியம்மாவுக்கு அப்ப 70 தாண்டிட்டு. அதே உலக்கைய வாசல்ல குறுக்கால போட்டு அதுக்கு மேல குந்திட்டா. உலக்கைல இருக்கப்படாது, உலக்கையக் கடக்கப்படாது எண்டு எங்களுக்கு அடிச்சு வளத்த மனிசி! வந்தவங்க ரெண்டு பேரும் சின்னப் பொடியனுகள். ஒருத்தன் "எழும்புங்க அம்மம்மா" எண்டு சிரிச்சிட்டுச் சொன்னான். இவ எழும்பல்ல. அண்டைக்குப் போயிட்டாங்க. அடுத்த கிழமையே புள்ளயக் கொழும்புக்கு அனுப்பிட்டம்.


நேர்கோடு:

உதெல்லாம் இப்ப ஏன்? குண்டு போட்டவனையும் செல்லடிச்சவனையும் விட்டுட்டு எங்கட பெடியளைக் குறை சொல்லுறது, வெறும் வாயை மெல்லுறவனுக்கு அவல் குடுக்கிற வேலை. என்ர தமையன் 1991 இலை ஆனையிறவிலை செத்தவன். அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான். உலக்கை தூக்கினவை அவனுக்காகவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவையோ?


பழையமாணவன்:

நேர்கோடு அண்ணை, உங்கட தமையனைக் குறை சொல்ல இஞ்சை ஒருத்தரும் வரேல்லை. ஆனா "குண்டு போட்டவனை விட்டுட்டு" எண்டது சரியில்லை. ரஜனி திராணகமவை எடுங்கோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலை உடற்கூற்றியல் துறைத் தலைவர். அவவும் சேர்ந்து தொடங்கின மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு இந்தியப் படை செய்ததையும் எழுதினது, அரசாங்கம் செய்ததையும் எழுதினது, இயக்கங்கள் செய்ததையும் எழுதினது. 1989 செப்டெம்பர் 21, சைக்கிளிலை வீட்டை போகேக்கை திருநெல்வேலியிலை வச்சுச் சுட்டது.

அதுக்கு முன்னம் 1986 நவம்பரிலை விஜிதரன் எண்ட மாணவனைக் கடத்தினபோது வளாகத்திலை உண்ணாவிரதம், பிறகு ஊர்வலம். முன்னுக்கு நிண்ட விமலேஸ்வரனை 1988 இலை கொண்டு போட்டாங்கள். நாடகம் படிச்ச கவிஞர் செல்வியை 1991 இலை புலிகள் பிடிச்சவை. அடுத்த வருஷம் சர்வதேச பென் அமைப்பின்ர விருது அவவுக்கு அறிவிச்சது. விருது வந்தது, ஆள் வரேல்லை.

நான் அந்த ஊர்வலத்திலை கடைசி வரிசை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தனான், வெடி கேட்டால் ஏறி மிதிக்கலாம் எண்டு. அதை வீரம் எண்டு சொல்ல மாட்டன். பிறகு ஒருக்கா மட்டும், ரோனியோ மிசினிலை படியெடுத்த 12 தாளைக் கொழும்புக்குப் போற ஒராளிட்டைக் குடுத்துவிட வேண்டி வந்தது. அரிசிப் பைக்கு அடியிலை வச்சுக் கொண்டு போனனான். சென்ரிக் காவலரணிலை பையைத் திறக்கேல்லை. ஆனா வழி நெடுக அடிக்கொருக்காக் கையை விட்டுத் தொட்டுப் பாத்ததாலை வேர்வையிலை மை கரைஞ்சு கடைசி ரெண்டு பக்கமும் நீலமாப் போச்சு. அந்த ரெண்டு பக்கத்திலை என்ன இருந்தது எண்டு நான் வாசிக்கேல்லை. வாசிச்சால் கேக்கேக்கை சொல்லிப்போடுவன் எண்ட பயம்.


ஐந்துசந்தி:

எழுதலாமா எண்டு ரெண்டு நாளா யோசிச்சேன். நான் யாழ்ப்பாணம் சோனகத் தெரு, முஸ்லிம்.

1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி ஸ்பீக்கர்ல அறிவிச்சாங்க. 2 மணித்தியாலத்துல போகணும் எண்டாங்க. அந்த நாட்கள்ல வடக்கு முழுக்க இருந்து 70,000க்குக் குறையாத முஸ்லிம்கள் புலிகளால வெளியேற்றப்பட்டாங்க எண்டு பின்னாடி படிச்சேன். அப்ப எனக்கு 9 வயசு, தெரிஞ்சது எங்கட ஒழுங்கை மட்டும்தான்.

ஒழுங்கை முகப்பில ஒரு ரீச்சர் அக்கா இருந்தாங்க. சைவ சமயம். வாப்பா தையல்காரர், அக்காட சட்டை எல்லாம் வாப்பாதான் தைக்கிறது. பொதி சோதிக்கிற இடத்துல நாங்க வரிசையில நிக்கிறோம், திரும்பிப் பாத்தா உம்மாக்குப் பின்னால அக்கா நிக்கிறாங்க. கையில ஒரு பையும் இல்ல. "நீங்கள் தமிழ்தானே, ஏன் நிக்கிறியள்?" எண்டு கேட்டாங்க. "ஒழுங்கை முழுக்கப் போகுது. நானும் அந்த ஒழுங்கைதானே?" எண்டாங்க. இழுத்து வெளில விட்டாங்க, திரும்ப வந்து நிண்டாங்க. ரெண்டாம் தரமும் அப்படித்தான்.

மேசையடிக்குப் போனதும் உம்மாட தோட்டைக் கழட்டச் சொன்னாங்க. உம்மா கழட்டி வச்சாங்க. பின்னால நிண்ட அக்காவும் தன்ட தோட்டைக் கழட்டி அதே மேசையில வச்சாங்க. சோதிச்ச பெண் பிள்ளை அதை மட்டும் விரலால திருப்பித் தள்ளினா. அக்கா எடுக்கல்ல. ஒரு தோடு உருண்டு கீழ விழுந்திச்சு. நாங்க லொறி ஏறும்போதும் மண்ணுலதான் கிடந்திச்சு, நான் பாத்துட்டே போனேன்.

2002 இல ஏ9 பாதை திறந்த பிறகு புத்தளத்துல இருந்து வாப்பாவும் நானும் போனோம். வீட்டுக்குக் கூரையும் இல்ல, கதவும் இல்ல. அக்கா இருந்தாங்க. உள்ள போய் பழைய வேட்டித் துண்டுல சுத்தின ஒண்டைக் கொண்டுவந்து குடுத்தாங்க. வாப்பாட வெட்டுக் கத்தரிக்கோல். 12 வருஷமா எண்ணெய் பூசி வச்சிருக்காங்க. வாப்பா ஒண்டும் பேசல்ல. ரெண்டு தரம் திறந்து மூடி, காதுகிட்ட வச்சுச் சத்தத்தைக் கேட்டார். பிறகுதான் "தேத்தண்ணி தாங்க பிள்ளை" எண்டார்.


தறப்பாள்:

நேர்கோடு அண்ணை கேட்ட கேள்விக்காக எழுதிறன். நான் வன்னி. 2009 தை, விசுவமடுவிலையிருந்து சுதந்திரபுரம் பக்கம் தறப்பாள் கொட்டிலுக்குள்ளை வந்திட்டம். வீட்டுக்கு ஒராளை இயக்கத்துக்குப் பிடிக்கிறது எண்டு தொடங்கினது, அப்ப கணக்கே இல்லை. தாலி கட்டினால் விடுவினம் எண்டு ஒரு காலம் இருந்தது. எங்கட ஒழுங்கையிலை மட்டும் மஞ்சள் கயித்தோடை ஆறு கலியாணம். பிறகு அதுவும் எடுபடேல்லை.

தம்பிக்கு 17. அப்பா ஒரு தண்ணிப் பரலைப் படுக்க வச்சுத் தாட்டவர். தம்பி அதுக்குள்ளை. மேலை பலகை, மண், அதுக்கு மேலை அடுப்பு. காத்துக்குப் பப்பாசித் தண்டு ஒண்டை விறகுக்கு நடுவாலை விட்டிருந்தம். பப்பாசித் தண்டு ரெண்டு நாளிலை வாடி ஒட்டிப்போகும், அதைப் பாத்துப் பாத்து மாத்திறதுதான் என்ர வேலை.

பக்கத்துத் தறப்பாளிலை ஒரு அம்மா இருந்தவ. ரெண்டு பிள்ளையும் மாவீரர். அவவை எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் எழும்பி நிண்டு கதைப்பினம். தேடி வந்த அண்டைக்கு எங்கட அம்மாவுக்கு நாக்கு எழும்பேல்லை. அந்த அம்மாதான் வந்து அடுப்படியிலை குந்திக்கொண்டு, "இஞ்சை பெடியன் இல்லை. நான் சொல்லுறன்" எண்டவ. அவவின்ர சொல்லைத் தட்டேலாமல் போயிட்டாங்கள். தம்பி உள்ளுக்கு இருக்கிறது அவவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு எங்களுக்கு விளங்கேல்லை, நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேட்டதுக்கு, "ஒரு வீட்டிலை உலை வைக்கிற அளவிலை தெரியாதோ பிள்ளை" எண்டவ.

அவ மாத்தளனிலை செல் பட்டுச் செத்தவ. ரெண்டு பிள்ளையின்ர படமும் அவவின்ர கைப்பைக்குள்ளை இருந்தது. புதைக்கேக்கை அதையும் அவவோடை வச்சம்.


நேர்கோடு:

எல்லாத்தையும் வாசிச்சன். கோவத்திலைதான் முதல் எழுதினனான்.

தமையன்ர வீரச்சாவுக்குப் பிறகு நானும் இயக்கத்துக்குப் போக வெளிக்கிட்டனான். உடுப்பும் எடுத்து வச்சாச்சு. அம்மா என்னை நெல்லு அறைக்குள்ளை விட்டுப் பூட்டினவ. 4 நாள். சாப்பாட்டை யன்னல் கம்பிக்குள்ளாலை உருட்டி உருட்டித் தந்தவ, சின்னப் பிள்ளைக்குத் தாறமாதிரி. வெளியிலை வந்து கேட்டவைக்கு, மலேரியாக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலை எண்டு சொன்னவ. நான் உள்ளுக்கிருந்து கத்தியிருந்தால் அவவுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு தெரியும். நான் கத்தேல்லை. அதை நினைச்சு இருவது வருஷம் எனக்கு வெக்கம், அவவோடை முகம் குடுத்துக் கதைக்கவும் இல்லை.

இப்ப வேலைக்கு நேரமாச்சு. மிச்சத்தைப் பிறகு எழுதிறன்.