பட்டை கூட்டிய பிறகு பிரேக் பிடிக்காமல் போனது

மலேசியா, பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து எழுதுகிறேன். சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போய், எடை போடும் இடத்தில் இறக்குவது என் பிழைப்பு. 11 வருடமாக ஒரே டீசல் பிக்அப்தான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நம் பக்கம் ஓடுகிற பெரும்பாலான பிக்அப்பைப் போல. எனக்கு நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் இரும்புப் பட்டை போட்டு, அதாவது பட்டை கூட்டி, ஓட்டுகிறவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பாரம் ஏற்றினால் வண்டி பின்னால் ரொம்ப உட்காரும். மேடு பள்ளத்தில் டயர் உரசும். அதனால் போன வருடம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை கூட்டினேன். வண்டி நிமிர்ந்துவிட்டது. குலை நிறைய ஏற்றினாலும் வெறும் வண்டி மாதிரியே நின்றது. எனக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு மாதம் போயிருக்கும். வெறும் வண்டியில் பிரேக் நன்றாகவே பிடித்தது. பாரம் ஏறினால் மட்டும் முன்பக்கம் குத்திக்கொண்டு போனது, மிதித்த அளவுக்கு நிற்கவில்லை. ஒரு கடையில் முன் பேட் மாற்றி, டிஸ்க்கைக் கடைந்து கொடுத்தார்கள், 280 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வாரம் பரவாயில்லை. மறுபடி அதே கதை. இன்னொரு கடையில் மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மெயின் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதுசு போட்டார்கள், 460 வெள்ளி. அதிலும் தீரவில்லை. இரண்டு கடையிலும் வெறும் வண்டியைத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம் ஆடி மாதம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அன்னதானத்துக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று என் வண்டியில் 5 நீல டிரம் ஏற்றினோம். ஒன்றுக்கு 200 லிட்டர், ஆக மொத்தம் ஒரு டன். மேட்டு லயத்திலிருந்து கோயிலுக்கு இறங்குகிற செம்மண் பாதை நீளம் குறைவு, ஆனால் நல்ல சரிவு. மூன்றாவது நடை, பாதி இறக்கம். மிதிக்கிறேன், கால் கட்டையில் மோதினது மாதிரி கெட்டியாக நிற்கிறது. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். "மாமா, ஏன் பிரேக்க விட்டுட்டீங்க?" என்று கேட்டான். நான் சீட்டை விட்டு எழும்பி மிதித்துக்கொண்டிருந்தேன்.

கீழே பந்தலுக்கு வெளியே பிள்ளைகள் பொங்கல் வாங்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று இழுத்தேன், எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கைத் தூக்கிக்கொண்டே இடது பக்க மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். டிரம்மில் இருந்த தண்ணீர் எழும்பி கேபின் மேல் கொட்டி முன் கண்ணாடியில் வழிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மன்தான் காப்பாற்றினாள் என்று அக்கா சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் புகை, கருகின வாடை. கிட்டே போக முடியவில்லை. பின்னால் போய் பிரேக் டிரம் பக்கம் மெதுவாகக் கையைக் கொண்டுபோனேன். அனலே இல்லை. துணிந்து விரலை வைத்தேன். வெயிலில் நின்ற தகரத்தின் சூடு, அவ்வளவுதான். ஒரு டன் தண்ணீரோடு மூன்று நடை இறங்கியிருக்கிறேன், முன் பிரேக் மட்டும் தனியாக இழுத்துப் பிடித்திருக்கிறது. பின் பிரேக் பெயருக்குத்தான் இருந்திருக்கிறது.

டவுனில் ஒரு வயசான சீன மெக்கானிக் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சரளமாகத் தமிழ் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பட்டை எப்ப போட்ட?" டார்ச்லைட்டோடு என்னையும் அடியில் படுக்க வைத்தார். பின் அச்சுக்கு மேலே சட்டத்தில் ஒரு சின்ன வால்வு. அதிலிருந்து ஒரு கம்பி கீழே அச்சுவரை வருகிறது. 11 வருடமாக ஓட்டுகிறேன், அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விரலால் அதைத் தட்டிக் காட்டி, "தம்பி, பாரம் ஏத்தினது உனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாது" என்றார்.

விஷயம் இதுதான். வெறும் வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும். அப்போது பின் பிரேக்கைப் பலமாகப் பிடித்தால் பின் டயர் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். அதனால் இந்த வால்வு பின்னால் போகிற அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது. பாரம் ஏறினால் வண்டி உட்காரும், சட்டத்துக்கும் அச்சுக்கும் இடைவெளி குறையும், கம்பி அதை வால்வுக்குச் சொல்லும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நான் பட்டை கூட்டினதில் வண்டி உட்காரவே இல்லை. ஒரு டன் ஏறியும் அந்த வால்வு வெறும் வண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

அவர் முன் குழாயிலும் பின் குழாயிலும் மீட்டர் மாட்டி அழுத்தம் பார்த்து, கம்பியின் பிடியை இடம் மாற்றிச் சரிசெய்தார். ஒரு காலைப் பொழுது வேலை. கருகின பேட்டையும் மாற்றினார். அதற்குப் பிறகு குலையோடு இறங்கும்போது நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறது, காலிலேயே அது தெரிகிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் சரி.

சுங்கை சிப்புட்டிலிருந்து, உரம் ஏற்றுபவர்

அண்ணே, எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் தோட்டத்து ஸ்டோரிலிருந்து உரம் ஏற்றுகிறேன், அதிகமும் எம்.ஓ.பி. அது பொட்டாசியம் குளோரைடு, ஒரு வகை உப்புதான். மூட்டை கிழிந்து சிந்தும், மழை பெய்யும், கரைந்து தொட்டியின் ஓட்டை வழியாகச் சட்டத்தில் இறங்கும். அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் பின் பிரேக் குழாய் ஓடுகிறது. இரும்புக் குழாய்.

ஒரு வாரமாக வளைவில் திரும்பும்போது மட்டும் மீட்டரில் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. எண்ணெய் குறைவாக இருந்தது, ஊற்றினேன், விளக்கு அணைந்தது, மறந்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். பிரேக் எண்ணெய் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் கிடையாது. பேட் தேயத் தேயக் கொஞ்சம் இறங்கும். ஊற்றின ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால் எங்கோ கசிகிறது.

ஸ்டோர் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது கால் சட்டென்று தரைக்குப் போய்விட்டது. கடைசி ஓர் அங்குலத்தில் ஏதோ பிடித்தது. நல்லவேளை, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று மெயின் பம்ப்புக்குள் இரண்டு பாதை தனித்தனியாக இருக்கிறது. பின் பாதை உடைந்தும் முன் பாதை வேலை செய்தது. மூட்டை இறக்குகிற ஆட்கள் பின்னால் நின்றார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது, நகத்தால் கீறினால் ஓட்டை விழும் போல இருந்தது.

இப்போது உரம் ஏற்றின அன்றைக்கே அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் வண்டியை நிறுத்துவதில்லை.

பீடோரிலிருந்து, ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர்

தம்பிகளா, நான் கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கியவன். தானா ராத்தா கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 59ஆம் எண் சாலையில் தாப்பாவுக்கு இறங்குவது முழுக்க வளைவு. ஏறின கியரில் இறங்கு என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னார்கள், கடைசி நாள்வரை அப்படித்தான் ஓட்டினேன்.

தாப்பாத் தம்பிக்குக் கால் கெட்டியாக நின்று வண்டி நிற்கவில்லை. அது பேட் சூடேறிப் பிடிமானம் இழந்தது. என் மகனுக்கு நடந்தது வேறு. கோஸ் ஏற்றிக்கொண்டு பிக்அப்பில் இறங்கினான், வழியெல்லாம் பிரேக்கிலேயே கால். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தி ஒரு தண்ணீர் குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுத்தால் கால் தரைவரை போகிறது, ஒன்றுமே பிடிக்கவில்லை. ஓடும்போது காற்று பட்டுச் சூடு கொஞ்சம் தணிந்துகொண்டே இருக்கும். நிறுத்தினதும் டிஸ்க்கில் இருந்த சூடெல்லாம் உள்ளே எண்ணெய்க்கு இறங்கி, எண்ணெய் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை அமுக்கினால் அமுங்கிப்போகும், பிரேக்குக்குத் தள்ளாது. அரை மணி நேரம் ஆறவிட்டான், கால் பழையபடி வந்துவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்து "ஒண்ணுமில்லப்பா, சரியாயிடுச்சு" என்கிறான். எனக்கு வந்ததே கோபம்!

எண்ணெயைத் திறந்து பார்த்தேன், காப்பி மாதிரி கறுப்பு. எத்தனை வருடமாகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்கிற தர எண்ணெய் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறின பிறகு 140 வரைக்கும் தாங்கினால் போதும் என்பதுதான் அதன் விதி. நம் ஊர் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

கம்பெனி லோரி ஓட்டின காலத்தில் 6 மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் என்கிற வாகனச் சோதனை நிலையத்துக்குப் போவோம். உருளையில் ஏற்றி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். சொந்த வண்டிக்கு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பாரிலிருந்து, பிக்அப் ஓட்டும் பெண்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் மாமனார் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடுவார். டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவி செய்கிற பூஸ்டருக்கு எஞ்சினோடு சுற்றுகிற ஒரு பம்ப்தான் வெற்றிடம் உண்டாக்குகிறது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பூஸ்டர் தாங்கும், அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி. ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். இது தெரியாமல் நானும் ஒருமுறை அப்படி உருளவிட்டு, சந்திப்பில் மாடு குறுக்கே வந்து, இரண்டு காலாலும் மிதித்து நிறுத்தினேன். வீட்டில் அப்பா மாதிரிப் பெரியவர்கள் இந்தப் பழக்கம் வைத்திருந்தால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பூஸ்டர் சரியா என்று பார்க்க ஒரு வழி: எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், கால் கெட்டியாகும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் கடைக்குப் போங்கள்.

சுங்கையிலிருந்து ஒருவர்

அண்ணே, நான் புது வண்டிக்கு உயரம் கூட்டிவிட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறது. எனக்கும் அந்தக் கம்பி இருக்குமா?

தாப்பாவிலிருந்து, முதலில் எழுதியவர்

தம்பி, ஏபிஎஸ் வந்த பல வண்டிகளில் அந்த வேலையைக் கணினியே பார்த்துக்கொள்கிறது, கம்பி இருக்காது. உறுதியாகத் தெரிய அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே சட்டத்தில் வால்வும், அதிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பியும் இருந்தால் உங்களுக்கும் என் கதைதான். நீங்களே ஸ்பேனர் எடுத்துக் கூட்டிக் குறைக்காதீர்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால் மழையில் வெறும் வண்டி ஓட்டும்போது பின்பக்கம் வழுக்கும். மீட்டர் வைத்துப் பார்க்கிற கடையாகத் தேடுங்கள்.

இன்னொன்று. தோட்டத்துச் சேறு பின் டிரம்முக்குள் போய் லைனிங்கையும் டிரம்மையும் அறுக்கும். லைனிங் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்கிற தானியங்கி அட்ஜஸ்டர் உள்ளே இருக்கிறது, அது சேற்றில் இறுகிவிடும். ஹேண்ட்பிரேக் வழக்கத்தைவிட மேலே வந்தால் அதுதான் முதல் அறிகுறி. எனக்கு டிரம்மைக் கழற்றியபோது ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது.

நேற்று எதிர் வீட்டுத் தம்பியின் வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்த்தேன். அவனும் பட்டை கூட்டியவன். யாரோ அந்த வால்வுக் கம்பியை அச்சிலிருந்து கழற்றி, மேலே தூக்கி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். பின் பிரேக்குக்கு எப்போதும் முழு அழுத்தம். மழை நாளில் வண்டி ஏன் சுழலப் பார்க்கிறது என்று அவன் இவ்வளவு நாளாக டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை இரண்டு பேரும் அந்தப் பெரியவர் கடைக்குப் போகிறோம்.