முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய படம்: உங்கள் அனுபவம்?

கருங்குயில்:
காரைக்குடி பழம்பொருள் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போன தை மாதம் அங்கே ஒரு ரவிவர்மா லட்சுமி. புடவை முழுக்கச் சரிகையும் சம்கியும் ஒட்டியது, தேக்குச் சட்டம், பின்னால் துருப்பிடித்த ஆணி. 18,000 சொல்லி 12,000க்கு இறங்கினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பையனின் பூதக்கண்ணாடியை லட்சுமியின் கன்னத்தில் வைத்தேன். வரிசை மாறாத புள்ளிகள், வாரப் பத்திரிகை அட்டை மாதிரி. கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளி இவ்வளவு ஒழுங்காக இருக்காது. கையால் வைத்தது, ஒன்று பெரிது ஒன்று சிறிது. சட்டம் பழசு, ஆணி பழசு, படம் மட்டும் நேற்றையது. கழற்றலாம் என்றால் வெள்ளிக்கிழமை என் மனைவி பூ வைத்துவிட்டாள். இன்னும் ஹாலில்தான் இருக்கிறது.

தென்னங்கீற்று:
பூதக்கண்ணாடியைக் கடைக்கே எடுத்துப் போயிருக்கலாமே சார். கல்லச்சாகவே இருந்தாலும் அது ரவிவர்மா காலத்துப் படம் என்று சொல்லிவிட முடியாது. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவாலா பக்கத்து மளவலிக்குப் போனது, அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஷ்லைகர் கைக்கு மாறியது. 1906இல் ரவிவர்மா இறந்த பிறகும் பல வருஷம் அதே படங்களை அடித்துத் தள்ளினார்கள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டம் போடுகிறவர்கள் அளவுக்காக அந்த ஓரத்தைத்தான் வெட்டுவார்கள். வெட்டாத படத்துக்கு மதிப்பே வேறு. என் கதையா? நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.

ஈஞ்சம்பாக்கம் மீனா:
தென்னங்கீற்று அண்ணா, ஒன்றும் வாங்காமலே இவ்வளவா!

என்னுடையது வாங்காமல் விட்ட கதை. சோழமண்டலம் ஓவியர் கிராமம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் 1966இல் தொடங்கிய இடம், பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றியது) விற்றுக் காசு சேர்த்தார்கள். அங்கே போய்ப் போய்த்தான் எனக்குப் பார்க்கும் பழக்கமே வந்தது. ஆனால் சம்பவம் வேறு ஓவியர் ஒருவரின் வீட்டில். ஒரு எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அதிலிருந்து காகிதத்தில் அச்செடுப்பது), பனைமரமும் நாயும், கீழே பென்சிலில் 7/25, அதாவது இருபத்தைந்தில் ஏழாவது பிரதி. 4,500 ரூபாய். நான் சும்மா இல்லாமல், "ஏழாவது ஜெராக்ஸ்தானே சார், கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு தகட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதே பனைமரம், இடம் வலம் மாறி. மேலிருந்து கீழாக, நாயின் முதுகின் மேலேயே, ஆழமாக ஒரு பெருக்கல் குறி. "25 எடுத்து முடித்ததும் இப்படிக் கீறிவிடுவேன்மா. இனி 26 கிடையாது." விரலால் தடவிப் பார்த்தேன், கீறல் நகத்தில் மாட்டியது. கூச்சத்தில் வாங்காமலே வந்துவிட்டேன். அடுத்த மாதம் போனபோது ஏழாம் எண் இல்லை. எட்டும் இல்லை.

மழைக்காலம்:
எல்லோரும் லென்ஸோடு அலைய முடியுமா? அம்மா வாங்கிய தஞ்சாவூர் கிருஷ்ணன் ஐப்பசி மழையில் தானே காட்டிக்கொடுத்தது. வெண்ணெய்க் குடம் முதலில் பச்சை பாய்ந்தது, அப்புறம் கறுப்பு. தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், கறுக்காது. பித்தளைத் தாள்தான் கறுக்கும்.

ஒன்று சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். மீனா, கடற்கரை வீட்டில் காகிதப் படம் மாட்டினால் மழை நனைக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் அட்டை விளிம்பு வேண்டும், அதுவும் அமிலம் இல்லாத அட்டை; சாதாரண அட்டை பத்து வருஷத்தில் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும். நேர் வெயில் ஆகாது. செலோ டேப் கூடவே கூடாது. அப்புறம், வாங்கும்போதே ரசீதில் ஓவியர் பெயர், வருஷம், எதில் வரைந்தது, அளவு, விலை எல்லாம் எழுதி வாங்குங்கள். நாளைக்கு விற்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கருங்குயில் சார், உங்களிடம் ரசீது இருக்கிறதா? 'ரவிவர்மா' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

கருங்குயில்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "சாமி படம் 1" என்று எழுதியிருக்கிறார்.