மறு: ‘அட்வான்ஸ்டு செஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் தேர்ந்தவர்கள் இன்றும் கணினியை வெல்கிறார்கள் என்று கட்டுரையில் எழுதலாமா? அந்த முறைக்குக் ‘கலப்பு ஆட்டம்’ என்று போடட்டுமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம் ஐயா.

‘கலப்பு’ வேண்டாம். விளையாட்டுப் பக்கம் படிப்பவர்களுக்குக் கலப்பு என்றால் கலப்பு இரட்டையர்தான். ‘மேம்பட்ட சதுரங்கம்’ என்றால் ஏதோ உயர்நிலைப் பாடம் போலிருக்கிறது. அட்வான்ஸ்டு செஸ்ஸில் ஆள் செஸ் நிரலை (எஞ்சினை) பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். எந்தக் காயை நகர்த்துவது என்ற முடிவு அவருடையது. 1998இல் ஸ்பெயினின் லியோன் நகரில் செஸ் கிராண்ட்மாஸ்டர்கள் காஸ்பரோவும் தோபலோவும் அப்படித்தான் ஆடினார்கள். சற்று முன்புதான் கணினி இல்லாத விரைவு ஆட்டங்களில் தோபலோவை 4-0 என்று ஊதித் தள்ளியிருந்த காஸ்பரோவுக்கு இங்கே 3-3தான் கிடைத்தது. கணக்கிடுவதில் அவருக்கு இருந்த மேல்கையை நிரல் எதிராளிக்கும் கொடுத்துவிட்டது.

அதனால் என் பரிந்துரை: நிரல்துணை ஆட்டம். ஆடுபவர் யார், துணை எது என்பதில் குழப்பம் வராது.

‘பொறித்துணை’ என்றும் ஒரு மடல் வந்தது. எஞ்சினுக்குப் பொறி சரிதான். ஆனால் சதுரங்கத்தில் எதிராளிக்கு வைப்பதும் பொறியாயிற்றே! ‘பொறியிடம் தோற்றார்’, ‘பொறியில் விழுந்து தோற்றார்’ இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ஆளும் நிரலும் சேர்ந்த அணியை ஆங்கிலத்தில் ‘சென்டார்’ (பாதி மனிதன், பாதிக் குதிரை) என்பார்கள்; அதற்குப் ‘புருஷாமிருகம்’ என்றதை மிகவும் ரசித்தேன். ஆனால் புள்ளிப்பட்டியலில் ‘முதலிடம்: புருஷாமிருகம்’ என்று அச்சிட எந்த ஆசிரியர் ஒப்புவார்?

சரி, அஞ்சல்வழிச் சதுரங்கத்தில், அதாவது நகர்த்தல்களைக் கடிதத்திலோ இணையத்திலோ அனுப்பி நாள்கணக்கில் ஆடுவதில், தேர்ந்தவர்கள் கணினியை வெல்கிறார்களா என்ற கேள்வி. ஹைட்ரா என்ற கணினி 2005 ஜூனில் லண்டனில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5½–½ என்று நொறுக்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் அஞ்சல்வழி கிராண்ட்மாஸ்டர் ஆர்னோ நிக்கல் அதே ஹைட்ராவை இரண்டு ஆட்டங்களில் வீழ்த்தினார். ஆனால் நிக்கலும் தன் பக்கம் கணினி வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஆக, ‘மனிதர் கணினியை வென்றார்’ என்று எழுதினால் பாதி உண்மை. நிரல்துணையோடு ஆடியவர், தனியாக ஆடிய கணினியை வென்றார்.

அவகாசம் நாள்கணக்கில் இருந்ததுதான் அவருக்குப் பலம். நிரல் காட்டும் வழியில் பத்துப் பதினைந்து நகர்த்தல் உள்ளே போய்ப் பார்த்து, அங்கே நின்று மறுபடி அதையே கேட்கலாம். ‘வெள்ளைக்கு நல்ல நிலை’ என்று நிரல் ஒரு மதிப்பெண்ணைக் காட்டும். ஆனால் சிப்பாய்கள் பூட்டிக்கொண்டு கிடக்கின்றன, எந்தக் காயாலும் உள்ளே நுழைய முடியாது என்பது அனுபவசாலிக்குத் தெரியும்.

அப்புறம் நிரல்களே மாறிவிட்டன. 2017இல், தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்ட ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் வந்தது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலுக்குள்ளும் அதுபோலப் பயிற்சியால் கற்கும் நரம்பு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்) நுழைந்தது. சர்வதேச அஞ்சல்வழிக் கூட்டமைப்பின் போட்டிகளில் நிரலுக்குத் தடையில்லை, 10 நகர்த்தலுக்கு 50 நாள் என்ற கணக்கும் உண்டு. அவ்வளவு இருந்தும் மேல்மட்டத்தில் டிரா மேல் டிராதான். நிரலைத் தொடாமல் ஆடுபவருக்கு அங்கே வாய்ப்பே இல்லை. எனவே ‘இன்றும்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. நேரடிப் போட்டியில் ஒளித்துவைத்த போனைப் பார்த்து ஆடுவதற்கு ‘நிரல்துணை’ என்ற சொல் போய்விடக் கூடாது. அதற்கு ‘நிரல் மோசடி’ என்றே வைப்போம்.

> நிரல்துணையாட்டம் என்று சேர்த்து எழுதலாமே?

எழுதலாம், புணர்ச்சி சரிதான். தேடுபவர் வசதிக்காகத் தலைச்சொல்லில் பிரித்தே வைக்கலாம் என்பது என் கட்சி.